ஆங்கிலத்தில் மிகுதிச் சொற்களும் நலச் சொற்களும்

ஒரு பொருளின் பண்பை எடுத்துரைக்க விரும்புவார் இரண்டு செயல்களைச் செய்தல் வேண்டும். அப்பண்பு இன்னதென்று பெயரிட்டுக் கூறல் ஒன்று. அஃது எவ்வளவினது என்று அளந்து கூறல் மற்றொன்று. 'இனிய கனி' என்புழிப் பண்பு மட்டுமே புலப்படும். 'மிக இனிய கனி' என்புழி அதன் அளவும் உடன் புலப்படும். ஆங்கில மொழியில் இவ்வாறு அளவுரைக்குஞ் சொற்களை மிகுதிச் சொற்கள் என்றும், நற்பண்புரைக்குஞ் சொற்களை நலச் சொற்கள் என்றும் ஈண்டுப் பெயரிட்டு வழங்குவாம்.

கல்லூரியிற் பயிலும் நாம் ஆங்கிலத்தில் ஏதேனும் எழுதப் புகுங்கால், 'வெரி' என்னுஞ் சொல்லை வரிக்கொரு முறையேனும் பெய்து விடுகின்றோம். காலை வேளையும் 'நைஸ்', கவிதையும் 'நைஸ்', கவிதை இயற்றிய புலவரும் 'நைஸ்'. இச்சொற்கள் எளியன, யாவர்க்கும் விளங்குவன என்பது உண்மையே. ஆயினும் இவை எங்குப் பிறந்தன, எவ்வாறு தேய்ந்தன, அளவறியாது ஆளின் விளைவது யாது என்பவற்றை ஆராயின், சொல்லைப் பற்றிய அறிவேயன்றிச் சொல்லுவார்க்குரிய கடப்பாடும் ஒருங்கே விளங்கும். அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்யினின்று பிறந்த மிகுதி

முதற்கண் 'வெரி' என்பதனை எடுத்துக்கொள்வோம். கி. பி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர்ப் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்துட் புகுந்தன. அவ்வாறு புகுந்தவற்றுள் இதுவும் ஒன்று. இதன் மூலம் 'மெய்யான' என்னும் பொருளுடைய 'வேருஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். வழக்குமன்றத்தில் நடுவர் குழுவினர் கூறும் முடிவிற்கு 'வெர்டிக்ட்' என்று பெயர். மெய்யாகக் கூறப்பட்டது என்பது அதன் சொற்பொருள். ஒன்றன் மெய்ம்மையைச் சரிபார்த்தலை 'வெரிஃபை' என்கின்றோம். 'வெரி' என்பது இவற்றோடு ஒரு வயிற்றிற் பிறந்த சொல்லேயாம்.

ஆகவே தொடக்கத்தில் 'வெரி' என்பது 'உண்மையான' என்று மட்டுமே பொருள்பட்டது. ஒருவனை 'வெரி' நண்பன் என்றால், அவன் பொய்ந்நண்பன் அல்லன், மெய்ந்நண்பன் என்பது கருத்து. பின்னர் 'உண்மையாகவே நல்லன்' என்னும் பொருளில் நல்லன் என்னுஞ் சொல்லுக்கு அஃது அடையாய் நின்றது. உண்மையாகவே நல்லன் எனின் பெரிதும் நல்லன் என்பது தானே பெறப்படும். இவ்வாறு மெய் என்னும் பொருள் மெல்ல நழுவ, 15-ஆம் நூற்றாண்டளவில் மிகுதிப்பொருளே நிலைபெறலாயிற்று. எனினும் 1611-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில், இதன் உடன்பிறப்பாகிய 'வெரிலி' என்பது பழைய பொருளை இழவாது நிற்கின்றது. அவ்விடங்களில் நம் தமிழ் விவிலியத்தார் 'மெய்யாகவே' என்று பெயர்த்தமை எவ்வளவு பொருத்தம் என்பதை நோக்குக.

'வெரி' வருவதற்கு முன்னர் ஆங்கிலேயர் மிகுதியை எவ்வாறு உணர்த்தினர்? பழைய ஆங்கிலத்தில் 'வலிமையாக' என்னும் பொருளுடைய 'ஸ்வீதே' என்னுஞ் சொல் இத்தொழிலைச் செய்தது. இன்று அஃது அறவே மறைந்தொழிந்தது. 'நிறைந்த' என்னும் பொருளுடைய 'ஃபுல்', 'நேரிய' என்னும் பொருளுடைய 'ரைட்' என்பனவும் மிகுதி குறித்து வழங்கின. புண்ணையும் நோவையும் குறிக்கும் 'சோர்' என்பதும் அத்தகையதே. நோவுமளவு என்பது மிக என்றாயிற்று. ஜெர்மானிய மொழியில் 'மிக' என்னும் பொருளில் இன்றும் நாள்தோறும் வழங்கும் 'ஸேர்' என்பது இதன் உடன்பிறப்பே என்பர் மொழிநூலார். நம் பேச்சுவழக்கிலுள்ள 'ரொம்ப' என்பதும் 'நிரம்ப' என்பதன் திரிபன்றோ? ஆங்கிலேயரது 'ஃபுல்' என்பதும் நம்முடைய 'நிரம்ப' என்பதும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியில் நடந்தன.

இங்ஙனம் ஒரு சொல் தேய, அதன் இடத்திற்கு மற்றொரு சொல் வந்துகொண்டே இருப்பதன் காரணம் யாது? மிகுதிச் சொல் என்பது ஒருவகைச் சிற்றாணை. 'இது நன்று' என்று வாளா கூறின் கேட்பான் நம்பமாட்டானோ என்னும் ஐயம் சொல்லுவான் உள்ளத்தே எழுகின்றது. அதனால் 'மெய்யாகவே நன்று' என்கின்றான். யாவரும் எதற்கும் இவ்வாறே கூறத் தொடங்கிய பின், 'மெய்யாகவே' என்பதும் வெறுஞ் சொல்லாகி விடுகின்றது. பின்னர் அதனினும் வலிய வேறோர் ஆணையைத் தேட வேண்டியதாகின்றது. 'ட்ரூலி', 'ரியலி', 'இன்டீட்' என்பன யாவும் உண்மையைச் சுட்டப் பிறந்து மிகுதியைச் சுட்டலாயினவே. 'லிட்டரலி' என்பது, சொல்லுக்குச் சொல் அப்படியே என்று உருவகத்தை விலக்குதற்கு எழுந்தது. இன்றோ, நகைத்து நகைத்து 'லிட்டரலி' உயிர் போயிற்று என்று உயிரோடிருப்பாரே கூறுகின்றனர்! பேரகராதிகளும் இவ்வழக்கைப் பதிவு செய்துள்ளன. மலைப்பொழிவில் ஆணையிடுதலை விலக்கி, ஆம் என்றும் அன்று என்றும் கூறுவதோடு அமைக என்று கற்பிக்கப்பட்டதன் நுட்பம் மொழிநூல் வழியாகவும் விளங்குகின்றது. ஆணைகள் பெருகப் பெருக நம்பிக்கை பெருகுவதில்லை; சுருங்குகின்றது.

அச்சம் புகழாயின வரலாறு

மிகுதிச் சொற்களுக்கு மற்றொரு பிறப்பிடம் அச்சமாகும். 'ஆ' என்னும் நெடிலோசை போல ஒலிக்கும் 'ஆ' என்றொரு சொல் ஆங்கிலத்தில் உண்டு. தெய்வத்தின் முன்னரோ பெருமலையின் முன்னரோ நிற்பார்க்குத் தோன்றும் நடுக்கங் கலந்த வணக்கத்தை அது குறிக்கும். அதனினின்று பிறந்தவை 'ஆஃபுல்', 'ஆசம்' என்னும் இரண்டு. இவ்விரண்டும் ஒரே வித்தினின்று எழுந்தும் எதிரெதிர்த் திசையிற் சென்றன. 'ஆஃபுல்' இன்று மிகக் கெட்டது என்று பொருள்படும். 'ஆசம்' மிகச் சிறந்தது என்று பொருள்படும். 'ஆஃபுல்லி' என்பதோ, நன்மை தீமை இரண்டையும் விட்டு, வெறும் மிகுதிச் சொல்லாய் எஞ்சியது.

'டெரிஃபிக்' என்பதன் வரலாறும் இத்தகையதே. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லுக்கு அச்சந்தருவது என்னும் பொருளே காணப்படுகின்றது. பின்னர் அஞ்சத்தக்க பேரளவினது என்றாகி, 19-ஆம் நூற்றாண்டில் மிகச் சிறந்தது என்னும் பொருளையும் எய்திற்று. 'ட்ரெமெண்டஸ்' என்பது நடுங்கத்தக்கது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. நம் நாட்டிலும் இக்காலத்து இளைஞர், ஒரு பாட்டைக் கேட்டு மகிழ்ந்து 'பயங்கரமாய் இருக்கிறது' என்று பாராட்டக் காண்கின்றோம். பாராட்டப்பட்டவரும் அஞ்சி ஓடாது மகிழ்ந்து நிற்கின்றனர்! நெஞ்சை உலுக்கும் உணர்ச்சி எதுவாயினும், அஃது அளவைக் குறிக்கும் கருவியாதற்கு உரியது என்பது இவற்றால் அறியப்படும்.

நலச் சொற்களின் ஏற்றமும் இறக்கமும்

இனி நலச் சொற்களைக் காண்போம். 'நைஸ்' என்பது 'அறியாதவன்' என்னும் பொருளுடைய 'நெஸ்கியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக வந்தது. 1300-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் ஒருவனை 'நைஸ்' என்றால், அவனை அறிவிலி என்றதாகும். பின்னர் அது கூச்சமுடையவன் என்றும், எதனையும் எளிதில் ஏலாது நுணுகிப் பார்ப்பவன் என்றும், நுட்பமானது என்றும் படிப்படியாய் மாறி, 18-ஆம் நூற்றாண்டில் இனியது என்னும் பொருளில் வந்து நின்றது. ஜேன் ஆஸ்டின் அம்மையார் காலஞ்சென்ற பின், 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் ஆபி' என்னும் புதினத்தில், ஹென்றி டில்னி என்னும் இளைஞன் இச்சொல்லை ஆளும் நங்கையை மெல்ல எள்ளுகின்றான். எல்லாப் பொருளுக்கும் ஏற்கும் புகழ் எப்பொருளுக்கும் உரிய புகழன்று என்பதே அவன் எள்ளலின் உட்கிடை. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வெள்ளல் பழையதாகவில்லை.

'பிரிட்டி' என்பது பழைய ஆங்கிலத்தில் தந்திரமுடைய என்று பொருள்பட்டது. இன்று அழகிய என்று பொருள்படும். அதுவே மிகுதிச் சொல்லாயும் வந்து 'ஓரளவு' என்னும் பொருளைத் தரும். 'ஸ்மார்ட்' என்பது வலி தருவது என்பதினின்று கூர்மையுடையது, அறிவுடையது என்றாயிற்று. 'ஷ்ரூட்' என்பது தீயவன் என்பதினின்று கூரிய மதியுடையவன் என்றாயிற்று. இவை இழிவினின்று உயர்ந்தவை. உயர்வினின்று இழிந்தவையும் உள. இன்று பேதைமையைக் குறிக்கும் 'சில்லி' என்பது பழங்காலத்தில் பேறு பெற்ற என்று பொருள்பட்டது. பேறு பெற்றவன் கள்ளமற்றவன் என்றும், கள்ளமற்றவன் இரங்கத்தக்கவன் என்றும், இரங்கத்தக்கவன் அறிவற்றவன் என்றும் உலகம் கருதிய முறைமை இவ்வொரு சொல்லின் வரலாற்றில் எழுதப்பட்டுள்ளது. நம் மொழியில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' என்பது இன்று தீமணத்தை மட்டுமே குறிப்பதனை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

மாணவர் அறிய வேண்டிய சில வழக்குகள்

ஆங்கிலத்தில் பண்புச்சொற்கள் விகுதி பெற்று மூன்று நிலைகளாய் நிற்கும்: இயல்பு நிலை, உறழ்நிலை, உச்சநிலை. உயரத்தைக் குறிக்கும் 'டால்' என்பது 'டாலர்', 'டாலஸ்ட்' என வரும். 'குட்' என்பதோ இவ்விதிக்கு அடங்காது, 'பெட்டர்', 'பெஸ்ட்' என்று வேறு பகுதியினின்று வடிவங்களைப் பெறும். தமிழில் இத்தகைய விகுதிகள் இல்லை. 'அதனினும் இது நன்று', 'எல்லாவற்றினும் இது சிறந்தது' என வேற்றுமையுருபு கொண்டே அவ்வேறுபாட்டை உணர்த்துகின்றோம். திராவிட மொழிகளின் இவ்வியல்பைக் கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் எடுத்துக் காட்டியுள்ளார். இவ்வேறுபாடு காரணமாகவே நம்மவர்க்குச் சில இடர்ப்பாடுகள் நேர்கின்றன.

முதலாவது: இயல்பு நிலைக்கு முன் 'வெரி' வரும், உறழ்நிலைக்கு முன் 'மச்' வரும். 'வெரி குட்' என்பது வழக்கு. 'வெரி பெட்டர்' என்பது வழு. 'மச் பெட்டர்' என்பதே வழக்கு.

இரண்டாவது: 'டூ' என்பது 'வெரி' என்பதற்கு நிகரன்று. பால் 'வெரி ஹாட்' எனின் மிகச் சூடுடையது; ஆற்றிப் பருகலாம். பருகுதற்கு 'டூ ஹாட்' எனின் பருகவியலாத அளவு சூடுடையது. முன்னது மிகுதி, பின்னது மிகை. ஒரே அடியினின்று பிறந்த இவ்விரு தமிழ்ச் சொற்களும் அவ்விரு ஆங்கிலச் சொற்களின் வேறுபாட்டை எத்துணைத் தெளிவாய்க் காட்டுகின்றன! 'மிகை' என்னுமிடத்து 'மிகுதி' என்று நாம் எழுதுவோமல்லோம். அவ்வாறே 'வெரி' என்னுமிடத்து 'டூ' என்று எழுதாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது: எல்லைக்கண் நிற்கும் பண்புகளை மேலும் மிகுவித்தல் இயலாது. 'பெர்ஃபெக்ட்' என்றால் குறைவற நிறைந்தது. நிறைகுடத்தில் மேலும் நீரூற்றுவார் போல அதன் முன் 'வெரி' இடுதல் பொருந்தாது. 'எக்ஸெலண்ட்' என்பதும் தன்னுள்ளேயே மிகுதியை உடையது. அத்தகையவற்றிற்கு முழுமையைக் குறிக்கும் 'அப்ஸொலூட்லி' போன்றனவே அடையாகும்.

நான்காவது: 'க்வைட்' என்பது இடத்திற்கேற்பப் பொருள் வேறுபடும். எல்லைப் பண்பிற்கு முன் வரின் முழுதும் என்று பொருள்படும். 'குட்' போன்ற ஏனையவற்றிற்கு முன் வரின், இங்கிலாந்தினர் வழக்கில் பெரும்பாலும் ஓரளவு என்றும், அமெரிக்கர் வழக்கில் மிகவும் என்றும் பொருள்படும். ஒருவர் பாராட்டாகக் கூறியதை மற்றொருவர் குறையாகக் கொள்ளுதற்கு இவ்வொரு சொல்லே போதும்.

அளவு பிழைத்தலால் விளைவன

இஃது இலக்கண நூலோடு ஒழியுஞ் செய்தியன்று. கொரியப் போரில், 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படைப்பகுதியொன்று சீனரது பெரும்படையால் தாக்குண்டது. அப்பகுதியின் தலைவராகிய பிராடி என்பார், மேலதிகாரியாகிய அமெரிக்கத் தளபதிக்கு நிலைமை 'சற்றே' இக்கட்டாயிருக்கிறது என்னும் கருத்துப்படத் தெரிவித்தார் என்பர். இங்கிலாந்தினர் இயல்பாகவே குறைத்துக் கூறும் வழக்கினர். அவர் கூறிய 'சற்றே' என்பதன் பொருள் 'பெரிதும்' என்பதே. அமெரிக்கரோ சொல்லைச் சொல்லளவிலேயே கொண்டார். இன்னும் தாங்கலாகும் என்று கருதினார். குளஸ்டர்ஷயர் படையணியினர் ஒரு குன்றின்மேல் வளைக்கப்பட்டனர். மிகச் சிலரே தப்பி மீண்டனர். ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டார் சிறைப்பட்டனர். அப்பேரிழப்பிற்குக் காரணங்கள் பலவாயினும், அவற்றுள் ஒன்றாக அச்சிறு சொல்லை இன்றளவும் எடுத்துரைக்கின்றனர்.

அவ்வாண்டிலேயே அமெரிக்க அரசின் உளவுத்துறை, யூகோஸ்லாவியா தாக்கப்படக் கூடும் என்று ஓர் அறிக்கை விடுத்தது. அந்நேர்ச்சியை 'சீரியஸ்' என்னும் அடைமொழியால் அவ்வறிக்கை குறித்தது. அதனை ஆக்கியோருள் தலைமை பூண்ட ஷெர்மன் கெண்ட் என்பார், அவ்வடைமொழியாற் கருதிய அளவு யாது என்று பின்னர்த் தம் குழுவினரை வினவினார். ஒருவர் நூற்றுக்கு 20 என்றார். மற்றொருவர் 80 என்றார். ஒரே சொல்லின் கீழ் அனைவரும் கையெழுத்திட்டிருந்தனர். ஆயினும் ஒரே அளவைக் கருதினாரல்லர். இதனைக் கெண்ட் அவர்களே 1964-இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதியுள்ளார்.

இவ்விடரைக் களையும் வழியைத் தட்பவெப்ப மாறுதலை ஆராயும் பன்னாட்டு அறிஞர் குழுவினர் கண்டனர். அவர்தம் அறிக்கைகளில் மிகுதிச் சொற்களுக்கு எண்ணளவு வரையறுக்கப்பட்டுள்ளது. 'லைக்லி' எனின் நூற்றுக்கு 66-க்கும், 'வெரி லைக்லி' எனின் 90-க்கும், 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' எனின் 95-க்கும் குறையாத வாய்ப்பு என்பது அவர் வகுத்த அளவை. உலகம் வெப்பமுறுவதற்கு மக்கள் செயல் காரணமா என்னும் வினாவிற்கு அவர்கள் 2001-இல் 'லைக்லி' என்றும், 2007-இல் 'வெரி லைக்லி' என்றும், 2013-இல் 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்றும் விடையளித்தனர். 2021-இல் ஐயத்திற்கு இடமில்லை என்றனர். சான்று வளர்ந்த அளவிற்கே சொல்லும் வளர்ந்தது. தேய்ந்துபோன 'வெரி' என்பதற்கு அப்பெருமக்கள் மீண்டும் விலையுண்டாக்கினர். மெய்யினின்று பிறந்த அச்சொல்லை அதன் தாயிடமே சேர்த்தனர் எனினும் பொருந்தும்.

குறைத்துக் கூறுதலால் இடர் நேர்வது போன்றே, புகழை வேண்டாத இடத்திற் பெய்தலாலும் நேரும். கிரைஸ் என்னும் மெய்ந்நூலறிஞர் 1975-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். தத்துவப் பணிக்கு விண்ணப்பித்த மாணவனொருவனுக்கு நற்சான்று எழுதும் ஆசிரியர், அவனது ஆங்கில அறிவு மிகச் சிறந்தது, வகுப்பிற்குத் தவறாது வருவான் என்று மட்டும் எழுதி முடிக்கின்றார். எழுதியவை இரண்டும் புகழே. ஆயினும் தத்துவத்தில் அவன் திறமை குறித்து ஒரு சொல்லும் இன்மையின், அவன் அதற்குத் தகுதியற்றவன் என்பதே படிப்போர் கொள்ளும் பொருளாகின்றது. நலச்சொல் எவ்வளவு உயர்ந்தது என்பதனோடு, எதன்மேல் வைக்கப்பட்டது என்பதனையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். கல்லூரியை விட்டு நீங்குங்கால் நற்சான்று வேண்டி நிற்கும் நாம் இதனை மறவாதிருப்போமாக.

முடிவுரை

தமிழிலக்கணத்தாரும் மிகுதிச் சொற்களைத் தனியே எடுத்து ஓதியுள்ளனர். நனி, உறு, தவ என்னும் மூன்றைத் தொல்காப்பியனார் உரிச்சொற்களுள் வைத்து மிகுதிப்பொருள் உடையன என்றார். பவணந்தியார் அவற்றொடு கழி, கூர், சால என்பனவுங் கூட்டி ஆறாக்கினார். இவற்றுள் 'சால' என்பது நம் கருத்திற்குப் பெரிதும் துணைபுரிவது. சாலுதல் என்றால் நிறைதல், அமைதல் என்பது பொருள். இவ்வடியினின்றே பண்பின் நிறைவைக் குறிக்கும் 'சால்பு' என்பதும், அந்நிறைவுடையாரைக் குறிக்கும் 'சான்றோர்' என்பதும் பிறந்தன. ஆங்கிலத்தில் மிகுதிக்கு மெய் தாயாயிற்று. தமிழில் மிகுதியும் நலமும் நிறைவு என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயின. மெய்யும் நிறைவும் இல்வழி மிகுதிச் சொல் வெற்றொலியே என்பதற்கு இருமொழியும் சான்று பகர்கின்றன.

ஆதலின் மாணவ நண்பர்காள், ஆங்கிலத்தில் எழுதினும் தமிழில் எழுதினும் மிகுதிச் சொல்லொன்றைப் பெய்யுமுன் அதனை நீக்கிப் படித்துப் பார்மின். நீக்கியபின் கருத்துக் குறையாதாயின், அச்சொல் அங்கு வேண்டுவதில்லை. குறையுமாயின், எவ்வளவு குறைகின்றது என்று நோக்கி, அவ்வளவிற்கு ஏற்ற சொல்லையே இடுமின். 'நைஸ்' என்று எழுத நேரும்போது, அப்பொருளின் நலம் இனிமையோ, தூய்மையோ, ஒழுங்கோ, அருளோ என்று ஒருகணம் வினவி, அதற்குரிய பெயரையே தேடுமின். புகழைச் சிக்கனமாய்ச் செலவிடுவான் ஈயாதவன் அல்லன். அவன் ஒருகால் 'நன்று' என்று கூறின், கேட்டவர் அதனை நெடுநாள் போற்றி வைப்பர்.